குளியலறைச் சுவர் ஊறினால் கிடங்குச் சரக்கும் ஊறும்



மளிகை வியாபாரத்துக்கும் குளியலறைச் சுவருக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். நம் கடைவீதிகளின் அமைப்பை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். முன்னால் கடை, நடுவில் கிடங்கு, பின்னால் வீடு. வீட்டின் குளியலறைக்கும் கிடங்குக்கும் நடுவே பல இடங்களில் இருப்பது ஒரே ஒரு செங்கல் சுவர். அது ஒன்பது அங்குலச் சுவராக இருந்தால் நல்லது. பல பழைய கட்டடங்களில் பின்னால் சேர்த்துக் கட்டியபோது நாலரை அங்குலத்தோடு நிறுத்திவிட்டார்கள். அந்தப் பக்கம் குளிக்கும் தண்ணீர், இந்தப் பக்கம் பருப்பு மூட்டை. இரண்டுக்கும் நடுவில் நிற்பது அந்தச் சுவர்தான்.

சுவரில் பெயிண்ட் உரிவதும் கறுப்பாகப் பூசணம் படர்வதும் பார்வைக்குக் கெடுதல் என்பதோடு நின்றுவிடுவதில்லை. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 2006ல் வந்தது. அதன்கீழ் 2011ல் வெளியான உரிமம், பதிவு பற்றிய விதிமுறைகளின் நான்காம் அட்டவணை, உணவுப் பொருள் வைக்கும் இடத்தின் சுவரும் கூரையும் பழுதின்றி இருக்க வேண்டும், பெயிண்டும் பூச்சும் உதிரக் கூடாது என்று சொல்கிறது. ஆய்வுக்கு வரும் அதிகாரி கிடங்கில் முதலில் ஏறிட்டுப் பார்ப்பதும் சுவரையும் கூரையையும்தான். ஆகவே இது வீட்டு வேலை என்று ஒதுக்கிவிட முடியாத விஷயம்.

இந்தக் கட்டுரையில் நாம் சொல்ல விரும்புவது ஒன்றே ஒன்று. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கும் வரை பெயிண்ட் டப்பாவைத் திறக்காதீர்கள். மற்றவை எல்லாம் இதற்கு விளக்கமே.

பெயிண்ட் ஏன் உரிகிறது?

எங்கள் வீதியில் ஒரு தானியக் கடை. கிடங்குச் சுவரில் இடுப்பு உயரத்தில் பெயிண்ட் கொப்பளித்து உதிர்ந்தது. கடைக்காரர் முதலில் டிஸ்டெம்பர் அடித்தார். அடுத்த மழைக்குள் உரிந்தது. பிறகு எமல்ஷன் அடித்தார், அதுவும் உரிந்தது. மூன்றாவது முறை விலை உயர்ந்த பெயிண்டாகவே வாங்கி அடித்தார். அது பொருக்காக உதிராமல் பாய் பாயாகக் கழன்று வந்தது. ஒவ்வொரு தடவையும் பழி பெயிண்டின் மீது விழுந்தது. கடைசியில் ஒரு பிளம்பர் வந்து சுவருக்குள் ஓடிய பழைய ஜி.ஐ. குழாயின் முழங்கை இணைப்பு துருப்பிடித்துக் கசிவதைக் கண்டார். அந்த ஒரு துண்டை மாற்றிச் சுவரைக் காயவிட்ட பிறகு சாதாரண பெயிண்டே நிலைத்தது.

பெயிண்ட் என்பது சுவர் மீது ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய தோல். சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியேற வழி தேடுகிறது. தோல் வழி விடாவிட்டால் ஈரம் அதைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. அதனால்தான் கொப்பளம் உண்டாகிறது. செங்கல்லிலும் மணலிலும் கலவைத் தண்ணீரிலும் இருந்த உப்பு அந்த ஈரத்தில் கரைந்து மேலே வந்து, தண்ணீர் ஆவியானதும் பூத்து நிற்கிறது. உப்பு வளர வளர பெயிண்டையும் பூச்சையும் சேர்த்தே தள்ளிவிடும். உப்பு நீர்க் கிணறும் ஆழ்துளைக் கிணறும் உள்ள ஊர்களில் இந்தத் தொல்லை அதிகம்.

பூசணத்தின் கதையும் இதேதான். பூசண வித்துகள் காற்றில் எங்கும் உண்டு, அவற்றை ஒழிக்க யாராலும் முடியாது. அவை முளைக்க ஈரம் வேண்டும், தின்பதற்குக் கொஞ்சம் அழுக்கு வேண்டும். சோப்பு நுரை காய்ந்த படலம், தூசு, டிஸ்டெம்பரில் உள்ள பசை ஆகியவை அதற்குப் போதும். அழுக்கை முழுவதும் நீக்க முடியாது. நம் கையில் இருப்பது ஈரம் ஒன்றுதான். ஈரத்தை நிறுத்தினால் பூசணம் நிற்கும். அதை அப்படியே விட்டு மேலே பெயிண்ட் அடிப்பது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலை.

உயரத்தைப் பாருங்கள்

தண்ணீர் வரும் வழியை அறிய, ஓதம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்ப்பது முதல் படி.

தரையிலிருந்து தொடங்கி மூன்றடி உயரத்துக்குள் சுவர் நீளம் முழுவதும் பட்டையாக ஓதம் இருந்தால், பூமியிலிருந்து ஏறும் ஈரமாகவோ, குளியலறைத் தரையில் தேங்கி இறங்கும் தண்ணீராகவோ இருக்கலாம். குளியலறை இருக்கும் பகுதியில் மட்டும் ஓதம், தாண்டினால் சுவர் காய்ந்திருக்கிறது என்றால் தரைதான் காரணம் என்று ஊகிக்கலாம்.

இடுப்பு உயரத்திலோ தோள் உயரத்திலோ ஒரு திட்டாக இருந்தால், அந்த உயரத்தில் பின்பக்கம் குழாயோ ஷவர் இணைப்போ இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். பெரும்பாலும் இருக்கும்.

மேலே, கூரையை ஒட்டி ஓதம் இருந்தால் மூன்று காரணங்கள் உண்டு. மேல்தளத்தில் குளியலறை இருக்கலாம். மொட்டை மாடியில் மழைநீர் தேங்கலாம். இரண்டும் இல்லையென்றால் குளியலறையின் வெந்நீர் ஆவி. ஆவியால் வரும் பூசணம் குளியலறைப் பக்கத்தில் கூரையிலும் மூலைகளிலும் சிறு சிறு கரும்புள்ளிகளாகத் தொடங்கும். சுவர் உள்ளே காய்ந்திருக்கும், மேற்பரப்பு மட்டும் நனைந்திருக்கும்.

மழைக்காலத்தில் மட்டும் ஓதம் வந்து கோடையில் காய்ந்துவிடுகிறது என்றால் வெளிச்சுவரும் மாடியும் சந்தேகத்துக்குரியவை. வருடம் முழுதும் ஈரம் என்றால் வீட்டுத் தண்ணீரே காரணம்.

செலவில்லாத நான்கு சோதனைகள்

கொத்தனாரைக் கூப்பிட்டு டைல்ஸை உடைக்கும் முன் கீழ்க்கண்ட சோதனைகளைச் செய்து பார்க்கலாம். நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் குழாய் கசிகிறது என்று முடிவு கட்டி ஒரு பக்கச் சுவரையே உடைத்தார்கள். குழாயில் குறையே இல்லை. ஜன்னலை அட்டை வைத்து அடைத்திருந்ததால் ஆவி போக வழியில்லாமல் சுவர் நனைந்திருந்தது. அட்டையை எடுத்திருந்தால் போதும்.

முதலாவது, தாள் சோதனை. ஒரு அடிக்கு ஒரு அடி அளவில் பாலிதீன் தாளையோ அலுமினியத் தாளையோ சுவரில் வைத்து நான்கு ஓரங்களையும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் பின்புறம், அதாவது சுவரைத் தொடும் பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. முன்புறம் மட்டும் நனைந்திருந்தால் அறையின் ஆவி. இரண்டு பக்கமும் நனைந்திருந்தால் இரண்டு வேலையும் நமக்கு உண்டு.

இரண்டாவது, தொட்டிச் சோதனை. இரவில் எல்லாரும் படுத்த பிறகு மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் யாரும் குழாயைத் திறக்கும் முன் மீண்டும் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ கசிவு. மறுநாள் இரவு தொட்டியின் வெளிக்குழாய் வால்வை மூடிவிட்டு அதே சோதனையைச் செய்யுங்கள். இப்போது மட்டம் இறங்கவில்லை என்றால் கசிவு வால்வுக்குக் கீழே உள்ள குழாயிலோ கழிப்பறை ஃப்ளஷ் தொட்டியிலோ இருக்கிறது. இப்போதும் இறங்கினால் தொட்டியிலேயே வெடிப்பு இருக்கலாம். தண்ணீர் மீட்டர் உள்ள வீடுகளில், வரும் தண்ணீர் நேரே குழாய்க்குப் போகிறதென்றால் மீட்டரைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

மூன்றாவது, நீலச் சோதனை. நம் கடையிலேயே விற்கும் சொட்டு நீலத்தைச் சில துளிகள் ஃப்ளஷ் தொட்டியில் விடுங்கள். அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் இருங்கள். கீழே கோப்பையில் நீலம் தெரிந்தால் தொட்டியின் வாஷர் போய்விட்டது. இது சுவரை நனைக்காது, ஆனால் தொட்டிச் சோதனையின் முடிவைக் குழப்பும். ஆகவே இதைத் தனியே பிரித்து அறிந்துகொள்ள வேண்டும்.

நான்காவது, தேக்கச் சோதனை. கிடங்குப் பக்கச் சுவரில் ஓதத்தின் எல்லையைப் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். பிறகு குளியலறையின் தரை வடிகால் வாயைத் துணியும் பாலிதீனும் வைத்து இறுக அடைத்து, ஒரு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் தேக்கி 24 மணி நேரம் விடுங்கள். வாசல்படிக்கு மேல் வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரம் கோட்டைத் தாண்டினால் தரையிலோ, தரையும் சுவரும் சேரும் மூலையிலோ வழி இருக்கிறது. தாண்டாவிட்டால் அடைப்பை எடுத்துவிட்டு, வடிகாலில் ஏழெட்டு வாளி தண்ணீர் ஊற்றிக் காத்திருங்கள். இப்போது ஓதம் கூடினால் குறை வடிகால் குழாயில் இருக்கிறது. வடிகால் கசிவு தொட்டிச் சோதனையில் தெரியாது என்பதை நினைவில் வையுங்கள்.

உப்பா, பூசணமா?

சுவரில் வெள்ளையாக எது பூத்தாலும் பூசணம் என்று எண்ணுவோர் உண்டு. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. அதனால் பிரித்தறிவது அவசியம்.

வெள்ளைப் பொடியை ஒரு கரண்டியில் எடுத்துச் சில துளி தண்ணீர் விடுங்கள். கரைந்தால் பெரும்பாலும் உப்பு. பஞ்சு போல் மிதந்தால் பூசணம். கறுப்பாகவோ பச்சையாகவோ புள்ளி இருந்தால், அது பூசணமா வெறும் அழுக்கா என்று அறிய, கரைத்த பிளீச்சிங் பவுடர்த் தண்ணீரில் ஒரு துளி வையுங்கள். சில நிமிடங்களில் நிறம் வெளுத்தால் பூசணம். வெளுக்காவிட்டால் கரியோ தூசோதான்.

உப்பு என்றால் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி, முறத்தில் வாரி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும், காய்ந்ததும் திரும்பப் பூக்கும்.

பூசணத்தை அகற்றும் முறை

முதலில் நம் உடம்பைப் பார்த்துக்கொள்வோம். ஜன்னலைத் திறந்து வையுங்கள். கையுறை, கண்ணாடி, மூக்கையும் வாயையும் இறுக மூடும் முகக்கவசம் இவை வேண்டும். 2020க்குப் பிறகு என்-95 என்ற பெயர் நம் எல்லாருக்கும் தெரியும், அந்த வகையே இதற்கு ஏற்றது. ஆஸ்துமா உள்ளவர்களும் குழந்தைகளும் வேலை முடியும் வரை வேறு அறையில் இருக்கட்டும். கிடங்குப் பக்கம் என்றால் சரக்கை முதலில் அப்புறப்படுத்திவிட்டே தொடங்க வேண்டும்.

காய்ந்த பூசணத்தைத் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. வித்துகள் அறை முழுதும் பறக்கும். முதலில் சோப்புத் தண்ணீரால் நனைத்து, பிரஷ்ஷால் தேய்த்துத் துணியால் துடைத்தெடுங்கள். டைல்ஸ், கண்ணாடி, எனாமல் பெயிண்ட் போன்ற வழுவழுப்பான பரப்புக்குப் பெரும்பாலும் இதுவே போதும்.

கறை போகாவிட்டால் பிளீச்சிங் பவுடர். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 15 கிராம் கரைத்து, மண்டி கீழே தங்கியதும் தெளிந்த நீரை மட்டும் எடுத்துத் தடவுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு நல்ல தண்ணீரால் துடைத்து, விசிறி வைத்துக் காயவிடுங்கள். திறந்து கிடந்த பிளீச்சிங் பவுடர் வீரியம் இழந்துவிடும் என்பது விற்கும் நமக்குத் தெரிந்ததே. புதிய பொட்டலமாகப் பாருங்கள்.

பூச்சுக்குள் வேர்விட்ட பூசணத்துக்கு இது பலிக்காது. மேலே வெளுக்கும், உள்ளே இருக்கும். அங்கே தட்டினால் சுவர் பொத்தென்று ஒலிக்கும், விரலால் அழுத்தினால் பூச்சு மாவாகும். அந்தப் பூச்சைக் கொத்தி எடுத்துவிடுவதே முறை.

இப்போது மிக முக்கியமான எச்சரிக்கை. நம் கடைகளில் பிளீச்சிங் பவுடரும், குளியலறை கழுவும் ஆசிட்டும் ஒரே அலமாரியில் இருக்கின்றன. ‘ஒன்று போட்டால் பாதி போகும், இரண்டும் போட்டால் முழுதும் போகும்’ என்று எண்ணி இரண்டையும் கலப்பவர்கள் உண்டு. கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். முதல் உலகப் போரில், 1915ஆம் ஆண்டு, எதிரிப் படை மீது ஆயுதமாக ஏவப்பட்டது அந்த வாயுதான். கதவு மூடிய சிறு குளியலறையில் அது மூச்சை அடைத்துவிடும். அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவங்களோடும் பிளீச்சிங் பவுடரைச் சேர்க்கக் கூடாது. நாம் இவற்றைப் பிரித்து வைப்பதோடு, இரண்டையும் சேர்த்து வாங்கும் வாடிக்கையாளரிடம் ‘அம்மா, இரண்டையும் ஒன்றாக ஊற்றிவிடாதீர்கள்’ என்று ஒரு வார்த்தை சொல்லிக் கொடுப்பது நம் கடமை. அந்த ஒரு வார்த்தைக்குச் செலவு கிடையாது.

ஆசிட்டைப் பற்றி இன்னொன்று. அது டைல்ஸ் இடுக்கில் உள்ள சிமெண்டை அரித்துவிடும். வாரந்தோறும் ஆசிட் ஊற்றிக் கழுவும் குளியலறையில் டைல்ஸ் பளபளக்கும், இடுக்கு வாய் பிளந்து நிற்கும். அந்த வழியே இறங்கும் தண்ணீர்தான் பல கிடங்குச் சுவர்களை ஊற வைக்கிறது. அன்றாடக் கழுவலுக்குச் சோப்புத் தூளே போதும்.

சுவரைச் சீர்செய்யும் வரிசை

முதலில் தண்ணீரை நிறுத்த வேண்டும். குழாய் என்றால் பழுதான பகுதியை மாற்றி, சுவரை மூடும் முன் அழுத்தம் கொடுத்துச் சோதித்துத் தரும்படி பிளம்பரிடம் கேளுங்கள். டைல்ஸ் இடுக்கு என்றால் பழைய சிமெண்டைச் சுரண்டி எடுத்துப் புதிதாக நிரப்ப வேண்டும். பழையதன் மேலேயே தடவினால் சில மாதங்களில் பெயர்ந்துவரும். குழாய் சுவருக்குள் நுழையும் துளை, வடிகால் வாயைச் சுற்றிய வட்டம், தரையும் சுவரும் சேரும் மூலை இவை மூன்றையும் தவறாமல் அடைக்கச் சொல்லுங்கள். தண்ணீர் வடிகாலை நோக்கி ஓடாமல் மூலையில் தேங்கினால் தரை வாட்டத்தையும் சரிசெய்தாக வேண்டும்.

அடுத்து, கெட்ட பூச்சை எடுப்பது. ஓதம் தெரியும் எல்லையோடு நிறுத்தாமல் சுற்றிலும் ஓரடி கூடுதலாகச் செங்கல் தெரியும் வரை கொத்தி எடுங்கள். கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள்.

பிறகு காயவிடுதல். இங்கேதான் பொறுமை வேண்டும். ஊறிப்போன ஒன்பது அங்குலச் சுவர் ஒரு வாரத்தில் காயாது, பல வாரம் பிடிக்கும். காற்றோட்டமும் விசிறியும் உதவும். காய்ந்ததா என்ற சந்தேகத்துக்கு மறுபடியும் தாள் சோதனையே பதில்.

அதன் பிறகு புதுப்பூச்சு. கலவையில் நீர்த்தடுப்புச் சேர்மானம் சேர்ப்பதென்றால் ஐ.எஸ். 2645 முத்திரை உள்ளதாக வாங்கி, டப்பாவில் போட்டிருக்கும் அளவிலேயே சேர்க்க வேண்டும். கூடுதலாக ஊற்றினால் கூடுதல் பலம் என்பது இல்லை. குளியலறைப் பக்கம்தான் தண்ணீர் அடிக்கும் பக்கம், ஆகவே நீர்த்தடுப்பு அங்கேதான் முதலில் வேண்டும். கிடங்குப் பக்கம் மட்டும் தடுப்புப் பூசினால் ஈரம் சுவருக்குள் சிறைப்பட்டு வேறு இடத்தில் வழி தேடும்.

புதுப்பூச்சுக்கு ஏழு நாளாவது தண்ணீர் காட்டி ஆற்ற வேண்டும். அதன்பின் பெயிண்ட் அடிக்க நான்கு வாரம் பொறுக்க வேண்டும். புதுச் சிமெண்டின் காரம் எண்ணெய்ப் பெயிண்டைச் சோப்பு போலாக்கி உரித்துவிடும். அவசரத்தில் அடித்த பெயிண்ட் உரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எந்தப் பெயிண்ட்?

குளியலறைக்கு டிஸ்டெம்பர் ஏற்றதல்ல. தண்ணீர் பட்டுப் பட்டு மாவாகிவிடும். பூசணத்துக்கும் அது விருந்து. சுவரைச் சமன்படுத்த பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பயன்படுத்தாதீர்கள், ஈரத்தில் அது நெகிழும். வெள்ளைச் சிமெண்ட் புட்டி ஓரளவு தாங்கும். அதை உப்புத்தாள் கொண்டு தேய்த்து, தூசு துடைத்து, ஒரு கை பிரைமர், இரண்டு கை பூசணம் எதிர்க்கும் எமல்ஷன் என்ற வரிசை பொதுவாக நிலைக்கும். ஒரு கை நன்றாகக் காய்ந்த பிறகே மறு கை.

பழைய செங்கல் கட்டடத்தின் கிடங்குப் பக்கத்துக்கு நம் முன்னோர் அடித்த சுண்ணாம்பை இளக்காரமாக நினைக்க வேண்டாம். அதன் காரத்தில் பூசணம் எளிதில் வளராது. சுவரின் ஈரம் ஆவியாகிப் போக அது வழி விடுகிறது. விலையும் குறைவு. உதிர்ந்தால் ஆண்டுக்கொருமுறை அடித்துக்கொள்ளலாம். ஓதம் முற்றிலும் நிற்காத சுவருக்கு விலையுயர்ந்த பெயிண்டைவிடச் சுண்ணாம்பே மேல் என்பது நாம் பார்த்து அறிந்தது.

ஆவியை வெளியேற்றுங்கள்

கசிவை அடைத்த பிறகும் ஆவி இருந்தால் பூசணம் திரும்பி வரும். குளியலறை ஜன்னல் கண்ணாடிப் பட்டைகளை அட்டையாலும் பழைய பேப்பராலும் அடைக்காதீர்கள். எக்ஸாஸ்ட் விசிறி இருந்தால் குளிக்கும்போதும், குளித்து முடித்து அரை மணி நேரமும் ஓடட்டும். அது தள்ளும் காற்று வெளியே போகிறதா, கிடங்குக்குள் வருகிறதா என்று பாருங்கள். இடம் போதாமல் விசிறியைக் கிடங்குப் பக்கம் திருப்பி வைத்த வீடுகளும் உண்டு. ஈரத் துணியைக் குளியலறைக்குள்ளேயே காயப்போடுவதையும் நிறுத்த வேண்டும்.

கிடங்குப் பக்கம்

சுவர் முழுதும் காயும் வரை சரக்கை எப்படிக் காப்பது? எந்தச் சுவரானாலும் அட்டியைச் சுவரில் சாய்த்து அடுக்கக் கூடாது. ஒரு ஆள் துடைப்பத்தோடு நடந்து போகும் அளவுக்காவது, இரண்டடி இடைவெளி விடுங்கள். தரையில் நேரே மூட்டை போடாமல் மரச்சட்டத்தின் மேல் அடுக்குங்கள். இந்த இடைவெளி இருந்தால் சுவரில் ஓதம் தொடங்கும்போதே கண்ணில் படும். இல்லாவிட்டால் மூட்டையை நகர்த்தும் நாளில்தான் தெரியும். அதற்குள் அடி மூட்டை கட்டி தட்டியிருக்கும்.

ஓதச் சுவரை ஒட்டியிருந்த மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் விற்பனைக்கு எடுக்காதீர்கள். சுவரில் தெரியும் கறுப்பும் சரக்கில் வளரும் பூசணமும் ஒரே இனம்தான் என்று சொல்வதற்கில்லை. இரண்டையும் வளர்ப்பது ஒரே ஈரம் என்பதே கவலை. நிலக்கடலை, சோளம், மிளகாய் வற்றல் இவற்றில் ஈரம் ஏறினால் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்கும் பூசணம் வளரக்கூடும். 1960ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. தீவனத்தில் சேர்ந்த கடலைப் பிண்ணாக்கே காரணம் என்று கண்டறிந்தபோதுதான் இந்த நஞ்சு உலகுக்குத் தெரிந்தது. நம் நாட்டிலும் 1974ல் ராஜஸ்தான், குஜராத் மாநிலக் கிராமங்களில் மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இந்த நஞ்சு சமைத்தாலும் போகாது, வெயிலில் காயவைத்தாலும் போகாது. பூசண வாடை அடிக்கும் சரக்கை வெயிலில் உலர்த்தி நல்ல சரக்கோடு கலப்பது வாடிக்கையாளர் உயிரோடு விளையாடுவதாகும். அதை நஷ்டக் கணக்கில் எழுதிவிட்டு அழித்துவிடுவதே வியாபார தர்மம்.

கணக்குப் போட்டாலும் இதுவே சரி. ஒரு 50 கிலோ துவரம் பருப்பு மூட்டை வீணானால் போகும் பணத்தில் ஒரு பிளம்பருக்கும் ஒரு கொத்தனாருக்கும் ஓரிரு நாள் கூலி கொடுத்துவிடலாம்.

வாடகைக் கட்டடம் என்றால்

நம்மில் பலர் வாடகைக் கடையில் இருப்பவர்கள். ‘செலவு யாருடையது’ என்ற வாக்குவாதத்திலேயே ஒரு மழைக்காலம் போய்விடுகிறது. தமிழ்நாட்டில் 2017ல் இயற்றப்பட்டு 2019 முதல் நடைமுறையில் உள்ள நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பொறுப்புகள் சட்டம் இதைப் பிரித்துக் காட்டுகிறது. கட்டடத்தின் அமைப்புப் பழுது, சுவருக்கு வெள்ளையடித்தல், தேவைப்படும்போது குழாய்களை மாற்றுதல் ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், குழாய்த் திருகு மாற்றுதல், வடிகால் சுத்தம் செய்தல் போன்றவை வாடகைதாரர் பொறுப்பு. எழுத்து ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் ஒப்பந்தமே பேசும். ஆகவே முதலில் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். பிறகு உரிமையாளருக்குத் தேதியிட்டுக் கடிதம் எழுதி, சுவரின் படத்தையும் இணைத்து, ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். நான்கு சோதனைகளின் முடிவையும் அதில் குறிப்பிட்டால் பேச்சு சுருங்கும். சண்டைக்கு நிற்பதைவிட ‘ஐயா, கசிவு இந்த இடத்தில், இன்றைக்குப் பார்த்தால் சிறு செலவு’ என்று நேரில் அழைத்துக் காட்டினால் பெரும்பாலான உரிமையாளர்கள் ஒத்துவருவார்கள். அவருடைய சுவரும் அல்லவா கெடுகிறது!

எப்போது செய்வது?

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை இருக்கும். அந்த மூன்று மாதமும் சுவர் காயாது. காயவிட்டுப் பூசி, ஆற்றி, பெயிண்ட் அடிக்க இரண்டு மூன்று மாதம் வேண்டும் என்று மேலே கண்டோம். ஆகவே பங்குனி, சித்திரையில் தொடங்கினால்தான் ஆடிக்குள் வேலை முடியும். தீபாவளிச் சரக்கு வந்து இறங்கும்போது கிடங்குச் சுவர் காய்ந்திருக்கும்.

மழைக்காலத்தில் இதைப் படிக்கும் நண்பர்கள் கொத்தும் வேலையை இப்போது தொடங்க வேண்டாம். கசிவை மட்டும் அடையுங்கள். சுவரை ஒட்டிய அட்டியை இரண்டடி தள்ளி வையுங்கள். ஓதத்தின் எல்லையில் பென்சில் கோடு போட்டுப் பக்கத்தில் தேதி எழுதுங்கள். வாரம் ஒருமுறை கடை அடைக்கும் முன் அந்தக் கோட்டை ஒரு பார்வை பாருங்கள். ஈரம் கோட்டுக்கு உள்ளே சுருங்கினால் நீங்கள் அடைத்த இடம் சரி. கோட்டைத் தாண்டினால் தண்ணீருக்கு இன்னொரு வழி இருக்கிறது என்று பொருள், தேட வேண்டியதுதான்.